பாதி போதும் கஸ்தூரிரங்கன்

யார் எந்த எச்சரிக்கை கொடுத்தாலும் அதைச் சரிபாதியாக்கிக் காதில் வாங்கும் ஓர் இனம் உலகத்தில் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூன்று மணி நேரம் முன்னதாக ஏர்போர்ட்டுக்கு வரச் சொன்னால் அந்த நேரத்தில்தான் பெட்டிக்குப் பூட்டுத் தேடுவார்கள். காரில் பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்ட பிறகும் இன்னும் நாற்பது மைல் தாங்கும் என்று ஃப்ரீவேயில் ஏறுவார்கள். பால் டப்பாவில் போட்டிருக்கும் தேதியைக் கடைக்காரனின் கோழைத்தனம் என்று தள்ளுவார்கள். கேட்டால் ஒரே பதில்: "அவங்க அப்படித்தான் சொல்வாங்க."

இந்த இனத்தில் நன்கு விளைந்தவர் நம் கஸ்தூரிரங்கன். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் பிரிட்ஜ்வாட்டர் பக்கம் தமிழர்கள் கூடிக் கட்டிய கலையரங்கத்துக்குக் கட்டடப் பொறுப்பாளர். பிழைப்பு சாஃப்ட்வேரில். ஆகவே பைப்பைப் பற்றியும் எல்லாம் தெரியும்.

அரங்கத்துக்குப் புதிதாக ஒரு சில்லர் வந்தது. மெஷின் கட்டடத்துக்குப் பின்னால் வெட்டவெளியில் நிற்கும். அது குளிரவைக்கும் தண்ணீர் பைப் வழியாக உள்ளே போய் வந்து ஹாலைக் குளிரவைக்கும். பைப் போட வந்தவர் சிராஜ். இருபது வருஷமாக நியூ ஜெர்சியில் இதே தொழில்.

"சார், இந்த ஊர் ஜனவரில பைப்புக்குள்ளயே தண்ணி ஐஸாயிடும். ஐஸானா விரியும், மெஷினே கிழிஞ்சிடும். உறையாம இருக்க கிளைகால் நாப்பது பர்சன்ட் மிக்ஸ் பண்ணணும். பைப்புக்கு ரெண்டு இன்ச் இன்சுலேஷன். உள்ள ஹீட் கேபிள், வின்டர் ஃபுல்லா ஆன்லயே இருக்கணும்."

"நாப்பதா? மேனுவல் எழுதறவன் பயந்துதான் எழுதுவான் சிராஜ். அதை லாயர் பாத்து டபுள் பண்ணுவான். இருபது போதும். இன்சுலேஷன் ஒரு இன்ச். கேபிளை நைட்ல மட்டும் ஆன் பண்ணிக்கலாம்."

சிராஜ் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். நடக்கவில்லை. கடைசியில் ஒரு காகிதத்தை நீட்டினார்: என் பேச்சை மீறி இப்படிச் செய்யச் சொன்னது நீங்கள்தான் என்று. கஸ்தூரிரங்கன் பெருந்தன்மையாகச் சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். காண்ட்ராக்டர்கள் அப்படித்தான் எழுதி வாங்குவார்களாம்.

ஜனவரியில் ஒரு வாரம் குளிர் நாலு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கியது. ஹால் கூரை பறக்கவில்லை, சுவர் இடியவில்லை. பொங்கல் விழாவில் பார்த்தவரிடமெல்லாம் கஸ்தூரிரங்கன் சொன்னார்: "ஏதாவது ஆச்சா? சும்மா பயமுறுத்தறாங்க!" மார்ச் மாதம் மெஷினுக்கு அடியில் தேங்கிய ஈரத்தைப் பனி உருகுவதாக எல்லோரும் எண்ணினார்கள். அவரும்தான்.

மே மாதக் கடைசியில், கோடைக்கு மெஷினை ஓட்டிவிட சிராஜ் வந்து தண்ணீர் விட்டார். ஏற்றிய தண்ணீர் அத்தனையும் அவர் ஷூவின் மேலேயே கொட்டியது. பைப்பில் மூன்று விரிசல். மெஷினுக்குள் தண்ணீர் ஓடும் குழாய்களோ நீளவாக்கில் பிளந்து கிடந்தன.

"உள் பார்ட்டையே மாத்தணும் சார். ஃபேக்டரில பன்னெண்டு வாரம் சொல்றாங்க."

"அவங்க அப்படித்தான் சொல்வாங்க. ஆறுல வந்துடும்."

"ஆறுன்னே வெச்சுக்குவோம். உங்க பொண்ணு அரங்கேற்றம் மூணு வாரத்துல சார்."

கஸ்தூரிரங்கன் போனில் காலண்டரைத் திறந்து பார்த்தார். மகள் ஷ்ரேயாவின் அரங்கேற்றம் அதே ஹாலில்தான். சென்னையிலிருந்து மிருதங்கக்காரருக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. நானூறு பேருக்குப் பத்திரிகை போயாயிற்று. வேறு ஹால் தேடிப் பக்கத்து மாநிலமான டெலவேர் வரை போன் செய்தார். ஜூனில் எவன் ஹாலைக் காலியாக வைத்திருப்பான்?

அன்றைக்கு வெளியே தொண்ணூற்றாறு டிகிரி. உள்ளே, பட்டுப்புடவைகளும் குத்துவிளக்குகளும் சேர்ந்து, அதற்கும் மேல். வர்ணம் பாதி ஆவதற்குள் ஷ்ரேயாவின் கண்மை கன்னத்தில் இறங்கிவிட்டது. தில்லானாவுக்கு முன் அவள் கால் தடுமாற, குருவே கை காட்டி நிறுத்திவிட்டார். முதல் வரிசையில் இருந்த கஸ்தூரிரங்கன் எழுந்துவிட்டார்.

திரைக்குப் பின்னால் ஓடினார். சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நைன் இயர்ஸ், அப்பா. ஐ டிட் ஆல் ஆஃப் இட், நாட் ஹாஃப்."

பாவம் மனுஷன் என்று உச்சுக்கொட்டுகிறீர்களா? தாராளமாகக் கொட்டுங்கள். அப்படியே எழுந்து போய் உங்கள் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பத்து நாள் விடாமல் சாப்பிடச் சொல்லி டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஐந்து மிச்சம் இருக்கும். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள், இல்லையா?