காதில் மாட்டிய கரண்டு

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் நலம். அங்கே நீயும் அத்தானும் முழங்கால் வலி நீங்கலாக நலம் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஊசி இல்லை, அக்கா. இன்று டாக்டரே வாயைத் திறந்து சொல்லிவிட்டார். சர்க்கரை இறங்காவிட்டால் தினமும் இன்சுலின்தான் என்று போன தடவை அவர் சொன்னதிலிருந்து நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். அப்போதுதான் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு மெஷினைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். காது மடலில் ஒரு கிளிப்பை மாட்டி லேசாகக் கரண்டு விட்டால், அது தோலுக்கு அடியில் ஓடும் நரம்பைத் தட்டி எழுப்பி, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருமாம். வருமா என்பதைத்தான் பார்க்கிறார்களாம். குத்தாது, ரத்தம் வராது என்றதும் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

ஆனால் வேலையில் இருந்த காலம் முழுக்க மின்கம்பத்தில் ஏறி, கரண்டு மேலே படாமல் பிழைத்து வந்தவன் நான். கம்பத்தில் இருப்பவன் சுவிட்சைத் தொடக்கூடாது, கீழே நிற்கிறவன்தான் போடணும், அதுதான் எங்கள் தொழிலில் முறை. அதனால் தினமும் வீட்டில் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, மர ஸ்டூலில் உட்கார்ந்து, கிளிப்பைக் காதில் மாட்டி, ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய சுவிட்சுப் பெட்டியை என் வீட்டுக்காரி கையில் கொடுத்துவிட்டு "போடு"ன்னு கத்துவேன். "போட்டாச்சு"ன்னு பதில் வரும். உடனே காதில் சுருசுருன்னு ஏறும் பார், கழுத்து வழியா வயிறு வரைக்கும் போகும். அவளோ "கரண்டு உடம்புல இருக்கறப்ப வாயில கண்டதைப் போடாதீங்க"ன்னு பிஸ்கட் டப்பாவைப் பூட்டி வச்சிட்டா. "தங்கின கரண்டு தரையில இறங்கணும், எழுந்து நடங்க"ன்னு சாயங்காலமானா தெருவைச் சுத்த விட்டா. எர்த் ஆகணும்ங்கிறது எனக்குத் தெரியாததா, நானும் மறுபேச்சு பேசாம நடந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எனக்குக் கை குடுக்கவே பயந்தார், பாவம். இன்னிக்கு ரிசல்ட்டைப் பார்த்துட்டு டாக்டர், "சர்க்கரை நல்லா இறங்கியிருக்கு, இப்போதைக்கு ஊசி வேணாம்"னார். அங்கேயே எனக்கு அழுகை வந்துடுச்சு. அத்தானுக்கும் சர்க்கரைதானே, இந்த மெஷினுக்கு உடனே ஏற்பாடு பண்ணு.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கணும்.

இப்படிக்கு,
ஊசிக்குத் தப்பிய உன் தம்பி

பி.கு.: அத்தானுக்கு ஒரு ஏற்பாடும் பண்ணாதே. கடிதத்தை வாங்கிப் படித்த என் வீட்டுக்காரி, ஒரு நாள்கூட அந்தப் பெட்டியின் பொத்தானைத் தான் அழுத்தவே இல்லை என்கிறாள். பிஸ்கட்டை நிறுத்தினதும் நடக்க விட்டதும்தான் வேலை செஞ்சிருக்கு போல. மெஷின் நல்லதா இல்லையான்னு யாருக்குத் தெரியும், நாளைக்கே போய் டாக்டர்கிட்ட சொல்லணும். பின்னே ஏன் போட்டாச்சு போட்டாச்சுன்னு பொய் சொன்னே என்று கேட்டேன். "நீங்க கம்பத்துல ஏறின காலமெல்லாம் வாசலையே பார்த்துக்கிட்டுக் கிடந்தவ நான். என் கையாலயே உங்க மேல கரண்டு விடுவேனா" என்கிறாள்.