இழுப்பவை எல்லாம் வாகனம்

வெண்கரை நாட்டின் மன்னர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் வைத்து, அதில் வென்ற பிறகே முடிசூடிக்கொள்வார். தெற்குக் கரை மீனவர்கள் மட்டும் ஒவ்வொரு தேர்தலிலும் அவருக்கு எதிராகவே வாக்களித்து வந்தார்கள். மன்னர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று அரசிதழ் அடிக்கடி எழுதியது.

ஒருமுறை மன்னருக்கு உல்லாசக் கப்பல் ஒன்று வாங்கப்பட்டது. அதை நிறுத்தத் தெற்குக் கரைதான் பொருத்தமாக இருந்தது. எனவே மீனவர்கள் இனி வடக்குக் கரையிலிருந்து கடலுக்குப் போகலாம் என்று உத்தரவு வந்தது. ஆனால் படகுகளை அங்கேயே விட்டுவிட்டு வர முடியாது. வடக்குக் கரை சுற்றுலா இடம். படகுகள் கிடந்தால் பார்வைக்கு நன்றாக இராது. ஆக, தினமும் படகைக் குன்று தாண்டி எடுத்துப்போய், தொழில் முடிந்ததும் குன்று தாண்டித் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

மீனவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கினார்கள். பின்னால் கொக்கி வைத்து, இரண்டு சக்கர டிரெய்லர் மாட்டி, அதில் ஒவ்வொரு படகாக ஏற்றிக் கட்டினார்கள். ஓட்டியது அமலி. ஐஸ் கம்பெனியில் வண்டி ஓட்டியவள். அவள் கணவன் தொம்மை கடலுக்குப் போகிறவன். அமலி முதல் கியரில் குன்றேறும்போது டிரெய்லரின் பக்கத்தில் நடந்து வருவான். படகுக்குக் காய்ச்சல் வந்ததுபோல அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே வருவான்.

இப்படிச் சில மாதங்கள் ஓடின. மீனும் கிடைத்தது. அதன் பிறகுதான் போக்குவரத்து அமைச்சர், எதையேனும் இழுக்கும் வண்டிகள் யாவும் சரியான இழுவை எடையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்.

அமலி பதிவு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே குணபாலன் என்ற எடை அலுவலர் இருந்தார். சட்டத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். யாரையும் கடிந்து பேசாதவர்.

"தங்கள் வாகனம் எவ்வளவு எடையை இழுக்கிறது?" என்று கேட்டார்.

"ஒரு படகு இழுக்கும் சார். படகு, டிரெய்லர், வலை, இன்ஜின். எல்லாஞ் சேர்த்து இதுல எழுதிருக்கேன்."

"திரும்பி வரும்போது மீனும் இருக்குமே."

"இருந்தா இருக்கும். சில நாளு வெறும் வலைதான் வரும்."

"எவ்வளவு மீன் கிடைக்கக்கூடுமோ அவ்வளவையும் சேர்க்க வேண்டும் என்கிறது விதி. கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது?"

"அது எனக்கு எப்படி சார் தெரியும்?"

குணபாலன் சற்று யோசித்துவிட்டு, "எனக்கும் தெரியாது, அம்மா. ஆனால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது" என்றார்.

இருவரும் பேசி, படகு நிறைய மீன் என்று வைத்துக்கொண்டு ஒரு எடையை எழுதினார்கள். அந்த எடைக்கு வண்டி கனரக வாகனமாகிவிட்டது. கனரக வாகனங்களுக்குக் குன்றுப் பாதையில் அனுமதி கிடையாது. அமலி மறுபடியும் போய் எடையைக் குறைத்து எழுதிக்கொடுத்தாள். ஒரு வாரம் வண்டி தடையில்லாமல் ஓடியது. பிறகு ஒருநாள் நல்ல மழை. சோதனைச் சாவடி எடைமேடையில் ஏற்றியபோது, வலை குடித்திருந்த தண்ணீரால் எடை கூடிப்போயிருந்தது. பொய்யான எடை காட்டிய குற்றத்துக்காக வண்டி பறிமுதல் செய்யப்பட்டது.

"மழை பெய்ஞ்சது எங்க குத்தமா சார்?" என்று தொம்மை கேட்டான்.

"மழைக்கு நாங்கள் வழக்குப் போடவில்லையே" என்றார் சாவடி அதிகாரி.

அந்த நேரம் பார்த்துச் சாளை மீன் கூட்டங்கூட்டமாகக் கரையை ஒட்டி வந்துகொண்டிருந்தது. வருடத்தில் சில வாரங்கள்தான் அப்படி வரும். அதை விட்டால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டைகூட எடுக்க முடியாது. ஒரு நாள் முழுக்க எல்லோரும் வீட்டு வாசலில் உட்கார்ந்து கடலைப் பார்த்தார்கள். மறுநாள் அமலி, சாவடிக்காரர்கள் விட்டுவைத்த டிரெய்லரில் வடக்கயிற்றைக் கட்டி, அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அவள் கூப்பிடவில்லை. மற்றவர்கள் தாமாக வந்து கயிற்றைப் பிடித்தார்கள். சாவடியில் அன்று குணபாலன் பணியில் இருந்தார். சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "மனிதர்கள் இழுப்பதைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை" என்று தடுப்பைத் தூக்கினார். குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்.

செய்தி அமைச்சருக்கு எட்டியது. சட்டத்தில் ஓட்டை இருப்பது நாட்டுக்கு அவமானம் என்று அவர் வருந்தினார். மறுவாரமே திருத்தம் வந்தது: எது இழுக்கிறதோ அது வாகனம்.

குணபாலன் தராசுடன் தெற்குக் கரைக்கு வந்தார். ஒவ்வொருவரையும் நிறுத்துப் பார்த்து, உடல் எடைக்கு ஏற்ப இழுவை எடை விதித்தார். முதுகில் தொங்கவிட எண் பலகை கொடுத்தார். இடுப்பில் சிவப்பு விளக்கு ஒன்றும் கட்டிக்கொள்ள வேண்டும்.

அமலிக்குப் பலகையை மாட்டிவிடும்போது அவர் முடிச்சை இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினார். "கயிறு குத்தாமப் பாத்துக் கட்டுங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

மாதந்தோறும் மறு எடை உண்டு. கூட்டமாக வந்த சாளை போய்விட்டது, வருமானம் குறைந்தது, வீட்டில் சோறும் குறைந்தது. ஆட்கள் மெலிந்தார்கள். மெலிந்தவர்களின் இழுவை எடையை அரசு குறைத்தது. நாலு படகு இழுத்த கூட்டம் இரண்டு படகைத்தான் இழுக்கலாம் என்றாயிற்று. அதனால் வருமானம் இன்னும் குறைந்தது. தொம்மை தராசில் ஏறும்முன் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். குணபாலனுக்கு அது தெரிந்தது. தராசு காட்டிய எடையையே எழுதிக்கொண்டார்.

அந்த வருடம் அரசிதழின் முதல் பக்கத்தில், நாட்டில் வாகனங்களின் எண்ணிக்கை வரலாறு காணாத அளவு உயர்ந்திருப்பதாகச் செய்தி வந்தது.

அப்புறம் தேர்தல் வந்தது. வாக்குச்சாவடி குன்றின் அடியில் இருந்த பள்ளிக்கூடத்தில். ஓட்டுப் போட்டுவிட்டு அப்படியே தொழிலுக்குப் போகலாம் என்று அமலியும் மற்றவர்களும் படகோடு வந்து, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வரிசையில் நின்றார்கள். மேசையில் இருந்தவர் செங்கமலம் டீச்சர். அமலியின் மகளுக்கு அவர்தான் பாடம் சொல்லிக்கொடுக்கிறார். பட்டியலை இரண்டு முறை பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"உன் பேரு இல்ல அமலி. உங்க தெருவுல யாரு பேருமே இல்ல."

"ஏன் டீச்சர்?"

"வாகனமாப் பதிவாயிட்டீங்களாம். வாகனத்துக்கு ஓட்டு கிடையாதாம்."

"என்னைய உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா." டீச்சரின் குரல் இறங்கியது. "எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய?"

அமலி சண்டை போடவில்லை. வெளியே வந்து, முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, கயிற்றை எடுத்துத் தோளில் போட்டாள். கல்லை எடுத்தார்கள். படகு குன்றேறத் தொடங்கியது. பாதி மேட்டில் முன்னால் இழுத்த ஒருவன் கால் மடங்கி விழுந்தான். காலையில் அவன் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அவன் விழுந்ததும் படகு பின்னோக்கி நகர்ந்தது. டிரெய்லருக்குப் பின்னால் தோள்கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்த தொம்மை நழுவிச் சக்கரத்துக்கு நேராக விழுந்தான்.

"தொம்மை கீழ கெடக்கான், விடாதீங்க, விடாதீங்க" என்று அமலி கத்தினாள். கயிறு அவள் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போனது.

கீழே ஓட்டு வரிசையில் நின்றவர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஓடியவர் ஒரு தையல்காரர். அன்று தேர்தல் பணியாகப் பள்ளிக்கூட வாசலில் காவலுக்கு நின்ற குணபாலன், கடமையை நினைத்து, "ஐயா, கயிற்றைத் தொட்டால் நீங்களும் வாகனம். ஓட்டுப் போட்டுவிட்டுப் போங்கள்" என்றார்.

"ஓட்டுப் போட்டுட்டு வாரதுக்குள்ள அந்த ஆளு செத்துருவான் சார்" என்று சொல்லிக்கொண்டே தையல்காரர் ஓடினார்.

அவர் பின்னால் பழக்கடைக்காரி, தபால்காரர், கல்லூரிப் பிள்ளைகள் என்று வரிசையே கலைந்து மேட்டில் ஏறியது. ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். சக்கரம் நின்றது. செங்கமலம் டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டு இறங்கி வந்தார். கடைசியாக, தொம்மையின் கையைப் பிடித்து வெளியே இழுத்தது குணபாலன். கணுக்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவரும் ஒன்றை இழுத்துவிட்டார் என்பது கொஞ்சம் கழித்துத்தான் அவருக்கே உறைத்தது.

சட்டம் பாரபட்சம் காட்டவில்லை. அன்று மாலைக்குள் அத்தனை பேரும் வாகனங்களாகப் பதிவு செய்யப்பட்டார்கள். மற்ற ஊர்களிலும் தண்ணீர் வண்டி, நெல் மூட்டை, நோயாளி படுத்த கட்டில் என்று எதையாவது இழுத்தவர்கள் எல்லாரும் வாக்காளர் பட்டியலிலிருந்து ஏற்கெனவே நீங்கியிருந்தார்கள். எதையும் இழுக்காதவர்கள் அரண்மனையில் மட்டும்தான் மிச்சம். மன்னர் பதிவான வாக்குகள் அனைத்தையும் பெற்று வென்றார்.

மறுநாள் வெற்றியுரை. நாடு முழுக்க ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். குன்றுப் பாதையில் முந்தின நாள் கயிற்றைத் தொட்டவர்களும் பழைய ஆட்களுமாக ஒரு படகை இழுத்துக்கொண்டிருந்தபோது மன்னரின் குரல் கேட்டது.

"என் அன்பார்ந்த குடிமக்களே" என்று தொடங்கினார்.

பிறகு சற்று நேரம் ஒலிபெருக்கியில் அமைதி. யாரோ மன்னரின் காதில் கிசுகிசுப்பது கேட்டது. அமைச்சராக இருக்கலாம். மன்னர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என் அன்பார்ந்த வாகனங்களே" என்றார்.

முதலில் டீச்சர்தான் சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல் கயிற்றின் மேலேயே சாய்ந்துவிட்டார். அடுத்துத் தையல்காரர், பழக்கடைக்காரி. துணி சுற்றிய கையோடு நின்ற அமலிக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு. பல மாதங்களாகச் சிரிக்கவே சிரிக்காத குணபாலன் முதுகுப் பலகை தடதடக்கக் குலுங்கினார். சிரிப்பில் பிடி தளர்ந்து படகு ஒரு சாண் பின்னால் இறங்கியது.

"சிரிச்சது போதும், இழுங்க" என்றான் தொம்மை. அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.