பாலத்தடியில் ஒரு தலைக்கு இரண்டு ஹெல்மட்

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, இனிமேல் ஹெல்மட் போடுவதில்லை என்று ஒரு தீர்மானம் எடுத்தேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கூட்டத்துக்கு நான் மட்டும்தான் வந்திருந்தேன். மனைவிக்கு அறிவிக்கப்படவில்லை.

இதைக் கோழைத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். கோழைத்தனம்தான். ஆனால் நன்றாக யோசித்துச் செய்த கோழைத்தனம்.

நாங்கள் இருந்தது குண்டசாலையில். எனக்கு வேலை கண்டி டவுனில், ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக். மோட்டார் சைக்கிளில் போய்வருவேன். நடுவில் தென்னக்கும்புர பாலம். டவுனில் குண்டு வெடித்த பிறகு பாலத்தடியில் மணல் மூட்டைகளை அடுக்கி ஒரு காவலரண் போட்டார்கள். அன்றிலிருந்து என் தலைக்கு இரண்டு சட்டம். போக்குவரத்துப் பொலிஸ் தலையை மூடு என்றது. முகம் தெரியவேண்டும் என்று ஆமி தலையைத் திற என்றது. பாலம்வரை மூடி, பாலத்தில் திறந்து, பாலம் கடந்து மூடி, பின்னேரம் திரும்பி வரும்போது மறுபடியும் அதே கூத்து.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய வெள்ளிக்கிழமை நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. காவலரணில் நின்ற சார்ஜன்ட் "நவத்தன்ன" என்று கத்தியிருக்கிறார். நிறுத்து என்று அர்த்தம். ஹெல்மட்டுக்குள் எனக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தரமும் கத்தியிருக்கிறார். கேட்கவில்லை. பிறகு துப்பாக்கியை இழுத்துத் தயார் பண்ணினார். அந்தச் சத்தம் மட்டும் ஹெல்மட்டுக்குள்ளும் மிக நன்றாகக் கேட்டது.

ஹெல்மட் போட்டால் தலை தப்பும், ஆனால் காது கேட்காது. காது கேட்காவிட்டால் தலை தப்பாது. இந்தக் கணக்கை அன்றிரவு கமலாசனியிடம் சொன்னேன்.

கமலாசனி என் மனைவி. டவுனில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் டீச்சர். வீட்டிலும் டீச்சர்தான், அங்கே மாணவன் ஒருவன்.

"முத்துலிங்கம் மாஸ்டருக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாள்.

"வளைவிலை சறுக்கி விழுந்தவர்."

"தலையிலை என்ன போட்டிருந்தவர்?"

"ஒண்டும் இல்லை."

"இப்ப எப்பிடி இருக்கிறார்?"

அவளோடு ஒரே பாடசாலையில் படிப்பித்த மனிதர். இப்போது தன் சொந்த மகளைப் பார்த்து, பிள்ளை ஆரின்ரை பிள்ளை என்று கேட்கிறார்.

"ஆமி சுடுமோ எண்டும் எனக்குப் பயம். நீங்கள் விழுவியளோ எண்டும் எனக்குப் பயம்," என்றாள் கமலாசனி. "ஆமியை நான் ஒண்டும் செய்ய ஏலாது. விழுகிறதுக்கு ஒரு வழி இருக்குது. போட்டுக்கொண்டு போங்கோ."

அந்த ஹெல்மட்டும் அவள் வாங்கித் தந்ததுதான். நல்ல சிவப்பு. தூரத்திலேயே தெரியவேண்டுமாம்.

ஆகவே நான் ஒரு திட்டம் போட்டேன். எங்கள் சின்ன ஒழுங்கையால் மெயின் ரோட்டில் ஏறி நூறு யார் தூரம் போனால் வீரய்யாவின் கடை. அரிசி, பருப்பு, கருவாடு. வீட்டிலிருந்து ஹெல்மட்டோடு புறப்படுவேன். கேட்டடியில் நின்று கமலாசனி பார்ப்பாள். வீரய்யாவின் கடையில் ஹெல்மட்டைக் கழற்றிக் கொடுப்பேன். பின்னேரம் திரும்பும்போது மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் போக்குவரத்துப் பொலிஸ் நிற்காத குறுக்கு வழிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

"என்னங்க அய்யா, தலைக்கு வாங்குனதத் தட்டுல வச்சிட்டுப் போறீங்க," என்றார் வீரய்யா முதல் நாள்.

"டீச்சரம்மாவுக்குச் சொல்லிப்போடாதையும்."

"நான் ஏங்க சொல்றேன். உள்ளாற கருவாட்டுப் பெட்டி மேல வைக்கிறேன். எந்தக் கண்ணுக்கும் படாது."

கண்ணுக்குப் படவில்லை. மூன்று கிழமை சுகமாகப் போனது. சார்ஜன்ட் கூப்பிட்டால் கேட்டது. நின்றேன். முகத்தைப் பார்த்தார், ஐசி என்கிற அடையாள அட்டையைப் பார்த்தார், போ என்றார். காற்று தலையில் பட்டது. நான் சுதந்திர மனிதன் என்றுகூட ஒருநாள் நினைத்தேன்.

மூன்றாம் கிழமைக் கடைசியில் கமலாசனி ஹெல்மட்டைத் தூக்கி மணந்து பார்த்தாள்.

"இது ஏன் கருவாடு மணக்குது?"

நாங்கள் மரக்கறிக்காரர். கருவாடு எங்கள் வீட்டு வாசற்படி மிதித்ததில்லை.

"என்ரை தலை வேர்த்தால் அப்பிடித்தான்," என்றேன்.

அவள் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகளை மேய்க்கிறவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் பயப்படவேண்டும். நான் பயப்படவில்லை. அதுதான் பிழை.

அடுத்த வியாழக்கிழமை காலை நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று மீசையை வெட்டிக்கொண்டிருந்தேன். மீசை வெட்டும்போது நான் உலகத்தில் இருப்பதில்லை. அவள் பின்னால் நின்று ஏதோ சொன்னாள். "ஓம்" என்றேன். "விளங்கினதோ?" என்றாள். "ஓம், ஓம்" என்றேன். பதினாலு வருட அனுபவத்தில் சொல்கிறேன், எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற பதில் அது ஒன்றுதான்.

வழமைபோலப் புறப்பட்டேன். வழமைபோல வீரய்யாவிடம் ஹெல்மட்டைக் கொடுத்தேன். ஏழரைக்குப் பாலத்தடி. சார்ஜன்ட் கையை நீட்டினார். நான் சட்டைப் பைக்குள் கையை விட்டேன்.

பை வெறுமையாக இருந்தது.

ஐசியைச் சட்டைப் பையில் வைப்பது கமலாசனியின் வேலை. அயன் பண்ணிய சட்டையும் ஐசியும் சேர்ந்துதான் வரும். நான் ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை. இப்போது காற்சட்டைப் பை, பின் பை, பேக், மோட்டார் சைக்கிளின் பெட்டி எல்லாம் பார்த்தேன். பார்த்த இடத்தையே திரும்பவும் பார்த்தேன். சார்ஜன்ட்டின் முகம் மாறியது. என் முகம் அவர் தினமும் பார்த்த முகம்தான். ஆனால் அட்டை இல்லாத தமிழன் தினமும் பார்த்த தமிழன் அல்ல.

"அங்கே உட்காரும்," என்றார் சிங்களத்தில். "எட்டு மணிக்கு லொறி வரும்."

மணல் மூட்டையில் உட்கார்ந்தேன். லொறியைப் பற்றி எனக்குத் தெரியும். எங்கள் கந்தோர் ராஜரத்தினத்தை அப்படித்தான் ஏற்றினார்கள். ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தார். எங்கே இருந்தீர் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் மத்தியானம் எங்களோடு இருந்து சாப்பிடுவதில்லை. கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

பயத்தோடு பயமாகக் கோபமும் வந்தது. ஐசி வைக்க மறந்தவள் அவள். உயிரோடு வீட்டுக்குப் போனால் அவளை என்ன ஏச்சு ஏசவேண்டும் என்று மனதுக்குள் வரி வரியாக அடுக்கினேன். அருமையான ஏச்சு அது.

ஏழே முக்கால். அப்போதுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. கமலாசனி வருகிற தெல்தெனிய பஸ் ஏழு ஐம்பதுக்கு இந்தப் பாலத்தடிக்கு வரும். எல்லாப் பிரயாணிகளும் இறங்கி, வரிசையில் நடந்து, ஐசி காட்டிவிட்டு அந்தப் பக்கம் போய் ஏறவேண்டும். அவள் சிங்களம் நன்றாகக் கதைப்பாள். சார்ஜன்ட் அவளை மரியாதையாக டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் நான் தப்புவேன்.

ஆனால் என் தலை வெறுந்தலை.

லொறியா, கமலாசனியா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன், முழுதாக ஒரு நிமிடம் எடுத்தது.

பக்கத்தில் இன்னொருவரையும் உட்கார வைத்திருந்தார்கள். மடுல்கெல்லைப் பக்கம் தோட்டங்களுக்குத் துணி கொண்டுபோய் விற்கிற சண்முகநாதன். மடியில் கறுப்பு ஹெல்மட். முகம் முழுக்க மூடுகிற வகை, கண்ணாடியும் கறுப்பு.

"தம்பி, உதை ஒருக்கால் தாரும். ரெண்டே நிமிசம்."

"எதுக்குங்க சார்? இதப் போட்டு வந்ததுக்குத்தானே என்னையே உட்கார வச்சிருக்காங்க."

"மனுசி பஸ்ஸிலை வாறா. ஹெல்மட் இல்லாமல் கண்டால் துலைஞ்சன்."

அவரும் கலியாணமானவர். மேலே ஒன்றும் கேட்காமல் தந்தார்.

பஸ் வந்து நின்றதும் நான் கறுப்பு ஹெல்மட்டை மாட்டிக்கொண்டு எழுந்தேன். சார்ஜன்ட் திரும்பினார். ஒரு நிமிடத்துக்கு முன்னால் ஒரு கிளாக் உட்கார்ந்திருந்த இடத்தில் முகம் இல்லாத ஒருவன் நிற்கிறான். துப்பாக்கி என் நெஞ்சுக்கு நேரே வந்தது. அவர் வாய் அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கழற்று என்றுதான் சொல்லியிருப்பார். நான் இரண்டு கையையும் மேலே தூக்கினேன். கையைத் தூக்கிக்கொண்டு ஹெல்மட்டைக் கழற்ற முடியாது. அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குள் என் மூச்சு புகையாகப் படிந்தது. செத்தால் இதற்குள்தான் சாகப்போகிறேன் என்று நினைத்தேன்.

கமலாசனி வரிசையை விட்டு வெளியே வந்தாள். கையில் ஒரு சீலைப் பை. சார்ஜன்ட்டிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். துப்பாக்கி கொஞ்சம் தாழ்ந்தது. கிட்ட வந்து கறுப்புக் கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளினாள்.

"முகம் தெரியாமல் எப்படி அடையாளம் கண்டீர்கள், டீச்சர்?" என்று சார்ஜன்ட் கேட்டார்.

"சட்டை நான் அயன் பண்ணினது," என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினாள். "இஞ்சாருங்கோ. காலமை ஹெல்மட் போட்டுக்கொண்டுதானே வந்தனீங்கள்?"

"ஓம்."

"இதே ஹெல்மட்டோ?"

"ஓம்."

"வீட்டிலை சிவப்பா இருந்தது."

"வழியெல்லாம் தூசி."

"சரி. ஐசியை எடுத்துக் குடுங்கோ."

இதுதான் சமயம். அடுக்கி வைத்த ஏச்சு முழுவதையும் அவிழ்த்துவிட்டேன். ஒரு அட்டையை ஒரு பைக்குள் வைக்கத் தெரியாதோ, பிள்ளைகளுக்கு என்னத்தைப் படிப்பிக்கிறீர், நான் செத்தால் பென்சன் வரும் எண்டு பாத்தனீரோ. பதினாலு வருடத்தில் முதல் தடவையாக அவளை ஏசினேன். முகம் பாதி மூடியிருந்ததால் வந்த துணிவு.

அவள் ஒரு வரியையும் இடையில் மறிக்கவில்லை. முடிந்ததும் கேட்டாள்.

"காலமை நீங்கள் மீசை வெட்டேக்கை நான் என்ன சொன்னனான்?"

"எப்ப?"

"நீங்கள் ரெண்டு தரம் 'ஓம்' எண்டனீங்கள். என்னத்துக்கு ஓம்?"

கமலாசனி சீலைப் பைக்குள் கையை விட்டு என் சிவப்பு ஹெல்மட்டை வெளியே எடுத்தாள். கருவாட்டு மணம் பாலத்தடி முழுக்கப் பரவியது. உள்ளே, என் பழைய சட்டைத் துணியில், புதிதாக ஒரு பை தைத்திருந்தது. அதற்குள்ளிருந்து என் ஐசியை எடுத்துச் சார்ஜன்ட்டிடம் கொடுத்தாள்.

"ஐசி இல்லாமல் நீங்கள் ஒரு அடி போகமாட்டியள். அது ஹெல்மட்டுக்குள்ளை இருந்தால் ஹெல்மட்டும் கூடப் போகும் எண்டு நினைச்சன். சொல்லிப்போட்டுத்தான் வைச்சனான்." சிவப்பு ஹெல்மட்டை என் கையில் திணித்தாள். "எண்டாலும் மனம் கேக்கேல்லை. வீரய்யாவின்ரை கடையடிக்கு நடந்து வந்து பாத்தன். கருவாட்டுப் பெட்டிக்கு மேலை இருக்குது. அந்த நேரம் துவங்கி பஸ்ஸிலை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒவ்வொரு ஹோல்ட்டிலையும் நிண்டு நிண்டு வருது. லொறி முந்தி வந்திடுமோ எண்டு."

லொறி அப்போதுதான் பாலத்தில் ஏறியது. சண்முகநாதனையும், நான் கழற்றிக் கொடுத்த அவர் ஹெல்மட்டையும் சார்ஜன்ட் ஒரு கையசைப்பில் போகச் சொன்னார். லொறி ஒருவரும் இல்லாமல் எங்களைத் தாண்டிப் போனது. நான் அதைப் பார்க்கவில்லை. கமலாசனியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லொறி மறையும்வரை அது சீலைப் பையைத் திருகிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு பயத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு அவளையே ஏசியிருக்கிறேன்.

ஆனாலும் கடைசியாக ஒரு நியாயம் மிச்சம் இருந்தது. அதையும் சொல்லிப் பார்த்தேன். ஹெல்மட் போட்டால் நீங்கள் கூப்பிடுவது கேட்காது, கேட்காவிட்டால் சுடுவீர்கள் என்று சார்ஜன்ட்டிடம் நேரே சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"இனி உங்களுக்கு நான் கத்தமாட்டேன், ஐயா. கை காட்டுகிறேன். கண் தெரியும்தானே?"

என் ஒரே நியாயமும் அங்கேயே செத்தது.

கமலாசனியும் சார்ஜன்ட்டும் தள்ளிப்போய் இரண்டு நிமிடம் கதைத்தார்கள். அவர் தலையாட்டினார். அவள் விரலை நீட்டி நீட்டி ஏதோ விளங்கப்படுத்தினாள். கண்டக்டர் விசில் அடித்ததும் ஓடிப்போய் ஏறிவிட்டாள். என்ன கதைத்தனீர் என்று பின்னேரம் கேட்டேன். "ஒண்டுமில்லை" என்றாள்.

மறுநாள் சிவப்பு ஹெல்மட்டோடு பாலத்தடிக்குப் போனேன். சார்ஜன்ட் கை காட்டினார். நின்றேன், கழற்றினேன், ஐசியை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒற்றை ரூல் கொப்பி ஒன்றை எடுத்தார். மேலே கமலாசனியின் கையெழுத்தில் என் முழுப்பெயர். கீழே 'ஹெல்மட்' என்ற தலைப்பில் தேதிகள். அன்றைய தேதிக்கு நேரே ஒரு சரி போட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமைகளில் கமலாசனி பஸ்ஸால் இறங்கி அந்தக் கொப்பியைத் திருத்தினாள். ஒரு வெள்ளி பின்னேரம் சார்ஜன்ட் எனக்குக் காட்டினார். சிவப்பு மையில் எழுதியிருந்தது: நடத்தை திருப்தி, கவனம் போதாது.