டிடெக்டர் நெத்தியில வெச்ச பொட்டு

போன வாரம் எனக்கு ஒரே ஒரு வேலை. கிச்சன்ல இருக்கிற கேஸ் டிடெக்டருக்கு மோப்பம் புடிக்கத் தெரியுதான்னு பாக்கணும்.

மாமல்லபுரம் பக்கம் கடலோர ஹோட்டல். பிளஸ் டூ முடிச்சதும், இனிமே என்னால படிக்க முடியாதுன்னு வூட்ல சொல்லிட்டு அங்க மெயின்டனன்ஸ்ல டிரெய்னியா சேந்தவ நான்.

சூப்பர்வைசர் செல்வம் அண்ணன் காலையிலயே சொல்லிட்டாரு.

"இன்னிக்கு நீ தனியா டெஸ்ட் பண்ற. ஒழுங்கா முடிச்சா பர்மனென்ட் பண்ணச் சொல்லி மேனேஜராண்ட பேசறேன். சொதப்புன, உங்க ஊரு திருக்கழுக்குன்றத்துக்குப் பஸ்ஸு வாசல்லயே நிக்கும்."

டிடெக்டர் சுவத்துல, முழங்காலுக்குக் கீழ இருக்கும். சமையல் கேஸ் கனமானது, தரையிலதான் தேங்கும். வட்டமா ஒரு வலை, அதான் அதுக்கு மூக்கு. கேஸ் பட்டா சைரன் கத்தும், கேஸ் லைன் தானா மூடிக்கும்.

அன்னிக்கு மதியம் ஒரு நிச்சயதார்த்த சாப்பாடு. ரெண்டாம் பந்தி பிரியாணிக்கு உலை கொதிச்சுகினு இருந்துச்சு. அதனால டிடெக்டரோட பேனல்ல சாவியை 'டெஸ்ட்' பக்கம் திருப்புனேன். இப்போ சைரன் கத்தாது, லைன் மூடாது, செவப்பு லைட்டு மட்டும் எரியும்.

சின்ன டப்பாவுல வர்ற டெஸ்ட் கேஸை வலைகிட்ட காட்டுனேன். லைட்டு எரியல.

திரும்பக் காட்டுனேன். ம்ஹூம்!

தரையில படுத்துப் பாத்தேன். வலை முழுக்கச் சந்தனம். நடுவுல குங்குமம்.

வெச்சது யாரு? நான்தான்.

ஆயுத பூஜைக்கு அண்ணன், "ஒரு மிஷினையும் வுடாத, எல்லாத்துக்கும் பொட்டு வை"ன்னாரு. கிரைண்டர், ஜெனரேட்டர் எல்லாம் முடிச்சு இதுகிட்ட வந்தேன். வட்டமா இருந்துச்சு, நெத்தின்னு நெனச்சேன். நல்லா அப்பிட்டேன். போட்டோ வேற எடுத்தேன்.

அன்னையில இருந்து அது மூக்கடைப்போட நிக்குது. நடுவுல நெஜமாவே லீக் ஆகியிருந்தா?

அப்பவே அண்ணன்கிட்ட சொல்லியிருக்கணும். பர்மனென்ட் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. சொல்லல.

சாவி இன்னும் 'டெஸ்ட்'லயே இருந்தா அண்ணன் கேள்வி கேப்பாருன்னு பழையபடி திருப்பி வெச்சேன். பஞ்சுல சானிடைசரை ஊத்தித் தேச்சேன்.

சானிடைசர்ல ஸ்பிரிட் இருக்கு. அந்த டிடெக்டருக்கு ஸ்பிரிட் ஆவியும் கேஸும் ஒண்ணுதான். அப்போ எனக்கு இது தெரியாது. சந்தனம் கரைஞ்சுது, மூக்கு தொறந்துச்சு, மொத மூச்சே ஸ்பிரிட்டு!

சைரன் ஊரையே கூப்புட்டுச்சு. எல்லா அடுப்பும் ஒரே நேரத்துல அணைஞ்சுது.

"யம்மா தாயே! என் உலைய இன்னா பண்ண?"ன்னு பிரியாணி மாஸ்டர் கரண்டியோட வந்தாரு.

ரீசெட்டை அமுக்குனேன். ஸ்பிரிட் காயுற வரைக்கும் அது கேக்கல. சைரன் கேட்டு வெளிய ஓடுன விருந்தாளிங்க எல்லாரும் பட்டு வேட்டி, பட்டுப் புடவையோட கடற்கரை மணல்ல, வெயில்ல.

"எல போட்டு உக்கார வெச்சு எழுப்பி வுட்டானுங்கப்பா, இன்னா ஹோட்டலு இது!"ன்னு மாப்பிள்ளையோட சித்தப்பா சத்தம் போட்டாரு.

அண்ணன் ஓடியாந்து பஞ்சைப் பாத்தாரு. அதுல செவப்பும் மஞ்சளும். எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

அண்ணன் பஞ்சைச் சுருட்டிப் பாக்கெட்டுல போட்டாரு. அப்புறம், "பொட்டு வைக்கச் சொன்னது யாரு?"ன்னாரு.

"நீங்கதாண்ணே."

"அத மேனேஜராண்ட சொல்லாத."

மேனேஜர் கேட்டாரு. சொல்லிட்டேன். வேற என்ன சொல்றது?

ரெண்டு பேருக்கும் மெமோ. பர்மனென்ட் அப்புறம் பாக்கலாமாம். சாயங்காலம் கம்பெனி ஆள் வந்து மூக்கையே மாத்திட்டுப் போனாரு.

மறுநாள் டிடெக்டருக்கு மேல ஒரு போர்டு மாட்டச் சொன்னாங்க. "இதற்குப் பொட்டு வைக்கக் கூடாது"ன்னு நானே பெயின்ட்ல எழுதி எடுத்துட்டு வந்தேன்.

"புது போர்டாச்சே, வெறுமனே மாட்டக் கூடாது"ன்னு சொல்லிட்டு, அண்ணன் அதுக்கு நாலு மூலையிலயும் பொட்டு வெச்சாரு.