மாமாவின் கேலக்ஸிகள்

அறையில் இருந்தவர்கள்: நான். என் மாமனார். அவர் மகன், என் மச்சான் குமார். வாணியம்பாடியிலிருந்து புதூர்நாட்டுக்கு வந்து அறை எடுத்திருந்த ஆராய்ச்சி மாணவி சபீனா. ஓடாத மின்விசிறி ஒன்று.

தப்பு என்னுடையது. மற்றவர்கள் பிறகு பங்கு கேட்டார்கள்.

வானத்தில் ஒரு துண்டு சபீனாவுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அதில் உள்ள கேலக்ஸிகளை (கோடிக்கணக்கான நட்சத்திரம் ஒரே கூட்டமாக இருப்பது) பொறுக்கிப் பட்டியல் போட வேண்டும். மங்கலானவற்றில் கம்ப்யூட்டரே குழம்புகிறதாம். மனிதக் கண் வேண்டும். ஆறாவது படித்த கண்ணும் போதும் என்றாள்.

"ஊசி குத்தினாப்ல இருந்தா நட்சத்திரம். புகை மாதிரி பரவியிருந்தா கேலக்ஸி. மூணு பேரும் தனித்தனியா பாக்கணும். பேசிக்கக் கூடாது. மாசக் கடைசிக்குள்ள பட்டியல் போகலைன்னா என் ரெண்டு வருசம் வீண், அண்ணே."

தலையாட்டினோம். சபீனா சிக்னல் தேடி மேட்டுக்குப் போனாள்.

மாமா முதல் படத்தைப் பார்த்தார். "கேலக்ஸி" என்றார், சத்தமாக.

மூன்று பேர் போனிலும் அதே படம், கீழே நட்சத்திரம், கேலக்ஸி என்று இரண்டு பொத்தான். எனக்குத் தெரிந்தது ஊசிப் புள்ளி. நட்சத்திரப் பொத்தான்மேல் விரல் இருந்தது.

"சுத்தி புகை தெரியுது பார், மாப்ளே."

விரலை எடுத்தேன். பெண் கொடுத்தவர். (அவர் காய்ந்த மரத்தைக் காட்டிப் பலா என்றாலும் நான் பழம் தேடுவேன்.) குமாரைப் பார்த்தேன்.

"நீ இன்னா போட்ட மச்சான்?"

"அப்பா போட்டதுதான். வூட்ல சோறு திங்க வாணாமா?"

அப்படியே பதினெட்டு நாள்.

பத்தொன்பதாம் நாள் சபீனா மூன்று பட்டியலையும் சேர்த்தாள். "ஒண்ணுல கூட வித்தியாசம் இல்லீங்க!" என்று சிரித்தாள். அடுத்த நிமிடம் சிரிப்பு நின்றது. ஒரு படத்தைத் திறந்தாள். இன்னொன்று. இன்னொன்று.

"இது நட்சத்திரம். இதுவும்தான். எப்படிங்க மூணு பேருமே?"

"புகை தெரியுதேமா" என்றார் மாமா.

சபீனா அவரையே பார்த்தாள். பிறகு மேலே கை காட்டினாள். "ஐயா, அந்த பல்பு எப்படித் தெரியுது?"

"அதுவும் கேலக்ஸி மாதிரிதாம்மா."

குமார் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டான்.

"உங்களுக்குப் புள்ளியா தெரிஞ்சுதா, அண்ணே?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன்?"

"மாமாங்க" என்றேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மாசக் கடைசி போய்விட்டது. எல்லாருடைய துண்டும் சேர்ந்த பெரிய பட்டியல் அவளுடையது இல்லாமலே வெளிவந்தது. ஜீப்பில் ஏறும்போது மாமாவின் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தாள். அதில் திருப்பத்தூர் கண் டாக்டரின் முகவரி. இரண்டு கண்ணிலும் புரை. அறுவை முடிந்து கட்டைப் பிரித்ததும் மாமா என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "மாப்ளே, இம்மாம் நரையா?"

இன்றும் மாமா சொல்வதற்கு நான் தலையாட்டினால் உள்ளேயிருந்து மனைவி கேட்கிறாள்: "இன்னாங்க, கேலக்ஸி போட்டாச்சா?" என் பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மாமாவே சிரிக்கிறார். எனக்கு மட்டும் வருவதில்லை.

எட்டு மாதம் கழித்து சபீனா போன் செய்தாள். எல்லாப் படத்தையும் தனியாக உட்கார்ந்து திரும்பப் பார்த்து முடித்துவிட்டாளாம். கேலக்ஸி என்று நாங்கள் போட்ட நட்சத்திரம் எத்தனை என்று கேட்டேன். எண்ணி வைத்திருந்தாள்.

3,118.