மூன்று பித்தளைத் தகடுகள்

தில்லைநாதன் ஒரு முடிவுக்கு வந்தார். ஒன்று மிளகாய் மில் சாக வேண்டும், அல்லது அவர் சாக வேண்டும். மில்லைக் கொல்வதுதான் சுலபமாகத் தெரிந்தது.

கொழும்புத் துறைமுகத்தில் அவர் எலெக்ட்ரிக் போர்மன். மோட்டார் விஷயமென்றால் வெள்ளைக்காரத் துரையே அவரைக் கேட்டுத்தான் வாய் திறப்பார். வெள்ளவத்தை வீட்டிலோ, மனைவி பாலேஸ்வரியின் மில்லுக்குத் தும்மித் தும்மி மிளகாய் அள்ளிப் போடும் ஆள். சனிக்கிழமை அரைநாள் வேலை. முன்பெல்லாம் மத்தியானம் நேரே கிருலப்பனைக்குப் போய், பொன்னம்பலத்தார் வீட்டில் காட்ஸ் விளையாடுவார். மில் வந்ததிலிருந்து, அந்த மேசையில் அவருடைய கதிரை ஆறு மாதமாகச் சும்மா கிடக்கிறது. நினைத்தால் மிளகாய் இல்லாமலே கண் கலங்கியது.

வெள்ளிக்கிழமை பாலேஸ்வரி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, மோட்டாரின் இணைப்புப் பெட்டியைத் திறந்தார். முழு வலுத் தரும் டெல்ரா இணைப்பில் நெடுக்காக நின்ற மூன்று பித்தளைத் தகடுகளையும் கழற்றி, குறுக்கே ஒரே வரிசையில் பூட்டி ஸ்டார் இணைப்பு ஆக்கினார். இனி மோட்டாருக்கு மூன்றில் ஒரு பங்கு வலுத்தான். வெறுமனே சுற்றும், சுமை ஏறினால் படுத்துவிடும்.

சனி விடிந்ததும் முதல் சுளகு மிளகாய் விழுந்தது. மில் முனகி, நின்றது.

"என்ன நடந்தது?" என்றாள் பாலேஸ்வரி.

"வயசு போட்டுது, பாலேஸ். வித்துப்போடு."

"வெறுமனே ஓடுதே?"

"ஓடும். பாரம் தாங்காது."

"உங்களை மாதிரியோ?"

அதையும் பொறுத்துக்கொண்டு, இழவு வீட்டு முகத்தோடு வேலைக்குப் போனார்.

மத்தியானம் காலி வீதியில் பஸ்ஸால் இறங்கும்போதே மில்லின் இரைச்சல் கேட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினார்.

"ஆர் திருத்தினது?"

"நான்தான். நீங்கள் முதல் மோட்டார் பூட்டேக்கை விளக்குப் பிடிச்சது ஆர்? தகடு மூண்டும் நெடுக்க நிண்டது. இண்டைக்குப் பாத்தா குறுக்கை கிடக்கு. மெயினை நிப்பாட்டிப்போட்டு மாத்தினன்." அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "தானாத் திரும்பிப் படுத்திட்டுது போலை."

தில்லைநாதன் சுளகை எடுத்து மிளகாய் அள்ளத் தொடங்கினார்.

"பொன்னம்பலத்தாரின்ரை பெண்சாதி சிவமணியும் மிளகாயோடை நிண்டவ. ஸ்பனர் எடுத்துத் தந்ததே அவதான். இவ்வளவுதான் வேலையெண்டால் தானும் ஒரு மில் போடப்போறாவாம். வாற சனி நீங்கள் வந்து பூட்டித் தருவியளெண்டு சொல்லிப்போட்டன்."

"அந்தச் சின்ன வீட்டிலை எங்கை வைக்கிறது?"

"காட்ஸ் மேசை கிடக்கிற இடத்திலை."