டெரிக்கின் முட்டியும் என் பக்தியும்

எனக்குப் பயம் வந்தால் பக்தியும் கூடவே வந்துவிடும். புத்தி மட்டும் அந்த நேரம் பார்த்து வெளியூர் போய்விடும். அப்படி ஒரு நாளில்தான், முட்டி போன ஒரு வெள்ளைக்காரரை அண்ணாமலையைச் சுற்றி நடக்க வைத்தேன்.

அப்போது திருவண்ணாமலையில் ஒரு தனியார் பெண்கள் பள்ளியில் நான் தற்காலிக பி.டி. டீச்சர். (தற்காலிகம் என்றால், ஜூனில் இருக்குமா என்று மே மாதமே கேட்டுக்கொண்டு நிற்கும் வேலை.) ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த டெரிக், இங்கிலாந்தில் கால்பந்து ஸ்ட்ரைக்கராக ஆடி ஓய்வு பெற்று, பிறகு கோச்சாக இருந்தவர். சில மாலைகளில் ஆட்டோ பிடித்து வந்து எங்கள் பிள்ளைகளுக்குக் கோல் அடிக்கச் சொல்லிக்கொடுப்பார். இது தாளாளர் காதுக்குப் போனது.

"நம்ம பிள்ளைங்க ஆடற ஃபைனலுக்கு அவரைக் கூட்டிட்டு வாம்மா. உன் வேலைய பர்மனென்ட் பண்றதப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார்.

ஃபைனல் பௌர்ணமியன்று. கூட்டம் சேரும் என்று தாளாளரே குறித்த நாள். கூட்டம் சேர்ந்தது, கிரிவலம் போகிற செங்கம் ரோட்டில். பஸ், ஆட்டோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள்.

டெரிக்கை அழைத்துவர மதியமே நடந்து போனேன். வந்த வழியே திரும்பியிருந்தால் அரை மணி நேரத்தில் மைதானம். ஆனால் ஊரே கிரிவலம் வரும்போது எதிர்ப்பக்கமாக நடப்பதா? அப்பிரதட்சிணம் ஆகிவிடுமே! வேலை நிரந்தரமாக வேண்டிய நாளில் அண்ணாமலையாரைப் பகைத்துக்கொள்ள எனக்குத் தைரியமில்லை. இப்படியே போனால் மைதானம் வந்துவிடும் என்று டெரிக்கிடம் சொன்னேன். பொய்யில்லை. மலையை முழுக்கச் சுற்றினால் வரும்.

எல்லோரும் வெறுங்காலில் நடப்பதைப் பார்த்து அவரும் ஷூவைக் கழற்றினார். அதை நான் தூக்கிக்கொண்டேன். எமலிங்கம் வரை, தான் போட்ட கோல்களைச் சொன்னார். நிருதிலிங்கத்தில் முட்டி உடைந்த கதை வந்தது. (முட்டி விவகாரம் எனக்கு அப்போதுதான் தெரியும்.) அடி அண்ணாமலை வருவதற்குள் ஆபரேஷன்கள் முடிந்து கோச் ஆகியிருந்தார், நொண்டவும் ஆரம்பித்திருந்தார். இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார். பக்கம்தான் என்றேன். மேட்ச் தொடங்கியிருக்கும். போனில் சிக்னல் இல்லை. குபேரலிங்கத்தில், கோச்சாக இருந்த ஒவ்வொரு கிளப்பும் தன்னை எப்படி வெளியே அனுப்பியது என்று சொன்னார். அடுத்தது நான்தான் என்று தெரிந்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மைதானத்தில் நுழைந்தபோது பிள்ளைகள் கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். டெரிக் தரையில் சாய்ந்தார். அவருக்குப் போர்த்த வைத்திருந்த பொன்னாடையில் கரும்பு ஜூஸ் வண்டிக்காரரின் ஐஸைச் சுற்றி முட்டியில் வைத்தேன்.

"டீச்சர் இல்லாமயே ஜெயிக்கிறாங்கன்னா, டீச்சர் எதுக்கும்மா?" என்று கேட்டார் தாளாளர்.

டெரிக் தன் வேக ஆங்கிலத்தில் இடையில் புகுந்தார். அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவருடைய அணியும் ஜெயித்ததாம். மறுநாளே அவரை நீக்கிவிட்டார்களாம்.

"என்னம்மா சொல்றாரு?"

"கோச் இல்லாதப்பவும் ஜெயிச்சா, அதான் நல்ல கோச்சுக்கு அடையாளம்னு சொல்றாருங்க."

டெரிக் வலியில் தலையை ஆட்டினார். தாளாளர் அதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டார். வேலை நிரந்தரமானது.

ஆனால் இன்றுவரை ஒவ்வொரு ஃபைனலுக்கும் முன்னால் கேப்டன் வந்து நிற்பாள். "மிஸ், நீங்க போய் மலை சுத்திட்டு வாங்க. நாங்க பாத்துக்கறோம்." வீட்டில் என் கணவரும் அதையேதான் சொல்கிறார். ஒரு வருஷம் ரோஷப்பட்டு மைதானத்திலேயே நின்றேன்.

தோற்றுவிட்டார்கள்.